சந்தூக்குப் போர்வை

வெள்ளைக்கரட்டில் ராவுத்தமார் தெரு என்று இருப்பது ஒரே ஒரு தெரு. கம்பத்திலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் தொடங்கிப் பள்ளிவாசல் சுவரில் முட்டி நின்றுவிடும். ரோட்டோரத்து முதல் வீடு மைதீன்பிச்சையுடையது. வீட்டை ஒட்டித் தகரம் போட்ட பஞ்சுக் கொட்டகை. அவர் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர். வெயில் காலத்தில் காய் உடைத்துக் கொட்டை பிரிக்கும்போது பஞ்சு பாதித் தெருவரை பறக்கும். அவர் புருவத்திலும் தாடியிலும் அது ஒட்டிக்கொண்டே கிடப்பதால், நடுவயதுக்காரரை வெளியூர் ஆட்கள் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் அவருக்கு வேலை இல்லாமல் போனது. ஈரத்தில் பஞ்சு அடைத்தால் மெத்தை கட்டிதட்டிப் புளித்த வாடை அடிக்கும். தைத்த மெத்தைகளைப் பரணில் ஏற்றிவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அந்த மழையிலும் கை ஓயாமல் இருந்தது அவர் மனைவி ஜொகராவுக்குத்தான்.

பள்ளிவாசலின் சந்தூக்குப் போர்வை அவளிடம் வந்திருந்தது. தெருவில் யார் இறந்தாலும் மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து, மேலே அந்தப் போர்வையை விரித்துத்தான் அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போவார்கள். பச்சை வெல்வெட். நடுவில் பொன் ஜரிகையில் கலிமா எழுத்துகள். சுற்றிலும் கொடியும் இலையும். அதைத் தைத்ததே ஜொகராதான். அவள் திண்டுக்கல்லில் பிறந்தவள். அவள் அத்தா அங்கே கொடிக்கும் தர்காப் போர்வைக்கும் ஜரிகை வேலை செய்தவர். அந்தக் கைப்பழக்கத்தோடு வெள்ளைக்கரட்டுக்கு வாழ வந்தாள். கல்யாணமான மறுவருஷம் பிறந்து பிழைக்காத முதல் பிள்ளையை வெறும் துப்பட்டியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அதை வாசலில் நின்று பார்த்தவள், அடுத்த நோன்புக்குள் அந்தப் போர்வையைத் தைத்துப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு தெருவில் செத்தவர்கள் எல்லாரும் அதற்குக் கீழேதான் போனார்கள்.

புரட்டாசியில் ஜமாத்துத் தலைவர் உதுமான் ராவுத்தரின் மனைவி மௌத்தானபோது, பெட்டியின் ஆணியில் மாட்டிப் போர்வையின் ஓரம் கிழிந்தது. கலிமாவில் இரண்டு எழுத்தில் ஜரிகையும் விட்டுப்போயிருந்தது. பாங்கு சொல்லும் மோதினார் அதை வெள்ளைத் துணியில் பொதிந்து தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கை கால் முகம் கழுவி ஒளு செய்து, தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டுதான் ஜொகரா அதைத் தொடுவாள். மாதத்தில் தொழக்கூடாத நாட்களில் போர்வை இருக்கும் பெட்டிப் பக்கமே போகமாட்டாள். ஜரிகையை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுப்பதில்லை. அப்படி இழுத்தால் பொன் உரிந்துவிடும். எழுத்தின் வளைவுக்கு அதை மேலாகப் படுக்கவைத்து, மஞ்சள் பட்டு நூலால் நெருக்கி நெருக்கிக் கட்டவேண்டும். பட்டு நூல் வெளியே தெரியக்கூடாது. கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வேண்டிய வேலை.

"கதவுப் பக்கம் உக்காராத. சாரல் அடிக்குது," என்றார் மைதீன்பிச்சை.

"உள்ள இருட்டாக் கெடக்கு. ஜரிகை எது, நூலு எதுன்னு தெரியல."

"நாளைக்குப் பாத்துக்கிறது."

"வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துரணும். போர்வை இங்கன இருக்கையில யாருக்காச்சும் ஒண்ணுன்னா என்ன செய்வாக? இத முடிச்சிட்டா ரமலத்தக் கூட்டியாந்துருவேன். அப்புறம் அவ பிரசவம் முடியிற வரைக்கும் ஊசியத் தொடமாட்டேன்."

ரமலத்து அவர்களுடைய ஒரே மகள். அதே தெருவில், பள்ளிவாசலுக்கு இரண்டு வீடு முந்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரம் ஆகியிருக்கும். மலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை இறக்கிக்கொண்டு வரும் ஜீப், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் சறுக்கியது. பெரிய அண்டாவை மேட்டிலிருந்து உருட்டிவிட்டது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் பொம்பளைகள் அலறுவது கேட்டது. மைதீன்பிச்சை பீடியைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஜீப் குப்புறக் கிடந்தது. டீக்கடை ஆட்களும் வயலில் நின்றவர்களும் சேர்ந்து உள்ளே மாட்டியவர்களை இழுத்தார்கள். மலையிலிருந்து இறங்கிய கட்டை லாரி ஒன்று நின்றது. கை முறிந்தவர்கள், மண்டை உடைந்தவர்கள் எல்லாரையும் கட்டைகளின் மேலேயே ஏற்றினார்கள். மைதீன்பிச்சையும் ஒரு கிழவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறிவிட்டார். லாரி கம்பத்தைப் பார்த்துப் போனது.

ஒரு பெண்ணை மட்டும் ஏற்றவில்லை. அவளுக்கு உயிர் இல்லை. ஜீப்பின் கூரைக் கம்பி அவள் உடுப்பில் மாட்டி, ரோட்டில் வெகுதூரம் இழுத்து வந்து போட்டிருந்தது. உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. மழை அவள் மேல் பெய்தது.

ஆண்கள் சுற்றி நின்றார்கள். "போலீஸு வர்றவரைக்கும் யாரும் தொடப்படாதுப்பா" என்றது ஒரு குரல். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் திருப்பவில்லை. பின்னால் நின்ற ஒருத்தன் பாலத்துக் கட்டைச் சுவரில் ஏறி நின்று எட்டிப் பார்த்தான்.

கொட்டகை வாசலிலிருந்து ஜொகரா இதைப் பார்த்தாள். எழுந்தாள். மடியில் கிடந்த போர்வையை அப்படியே வாரிக்கொண்டு ஓடினாள். ஊசி நூலோடு தொங்கிக்கொண்டு வந்தது.

"வெலகுங்க. வெலகி நில்லுங்கய்யா."

அந்தத் தெருப் பொம்பளை ரோட்டில் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. விலகினார்கள். போர்வையை உதறி விரிக்கும்போது எழுத்து மினுங்கியது. என்ன துணி அது என்று அப்போதுதான் அவளுக்குப் புத்தியில் பட்டது. கை நின்றது. பிறகு எழுத்து வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, அந்தப் பெண்ணைக் கழுத்துவரை போர்த்தினாள். கன்னத்தில் அப்பியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். சின்னப் பெண். மூக்கில் சிவப்புக் கல் வைத்த மூக்குத்தி. போலீஸ் வரும்வரைக்கும் அவள் தலைமாட்டில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போர்வையோடு சேர்த்துத்தான் பெண்ணைக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். மைதீன்பிச்சை அலைந்து அதைத் திரும்ப வாங்கி வந்தபோது சகதியும் ரத்தமும் காய்ந்து பலகை மாதிரி விறைத்திருந்தது. தெரு முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள் உதுமான் ராவுத்தரும் பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத்தும் வீட்டுக்கு வந்தார்கள். கொட்டகையில் மெத்தை மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். ஜொகரா வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

உதுமான் ராவுத்தர் பரணைப் பார்த்தார். "மெத்தைத் துணி கட்டுக்கட்டா அடுக்கியிருக்கியே மைதீன்பிச்சை. இதுல ஒண்ணு கெடைக்கலையா ஒம் பொஞ்சாதிக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மடியில இருந்துச்சு மாமு. அப்படியே எந்திரிச்சு ஓடிட்டேன்."

"போர்த்தயில என்ன துணின்னு தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள் என்று மைதீன்பிச்சை காத்திருந்தார். அப்படிச் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"தெரிஞ்சுச்சு மாமு."

"தெரிஞ்சுமா போர்த்துன?"

"அந்தப் புள்ள அப்படிக் கெடந்துச்சு. அத்தன ஆம்பளைக சுத்தி நின்டாக. திரும்ப வீட்டுக்கு ஓடி வேற துணி தேடி எடுத்தார நேரமா அது?"

அசரத்து தொண்டையைச் செருமினார். "ராவுத்தரே, ரத்தம் பட்டா அலசிட்டாப் போச்சு. மானத்த மறைக்கத்தான செஞ்சிருக்கு இந்தம்மா. இதுல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல."

"அசரத்து, நீங்க சட்டம் சொல்றீக. நான் சட்டம் பேசல." உதுமான் ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "போன மாசம் எங்க வீட்ல அதுக்குக் கீழதான் போனா. எனக்கு வாக்கப்பட்டதுலருந்து ஒரு வெளி ஆம்பள அவ மொகத்தப் பாத்ததில்ல. அவ மேல கெடந்த துணி நடுரோட்டுல, சகதியில, போலீஸ்காரன் பூட்ஸுக் காலுக்குப் பக்கத்துல கெடந்திருக்கு. நெனைச்சா எனக்குக் கண்ண மூட முடியல."

அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசு தச்சுத் தர்றேன் மாமு," என்றாள் ஜொகரா. அவளுக்கும் அழுகை வந்திருந்தது. "மாமி மேல எனக்கும் பிரியந்தான்."

"தையி. அதுக்கு முந்தி, செஞ்சது தப்புன்னு ஜமாத்துல ஒரு வார்த்தை சொல்லிரு. நீ வரவேணாம். ஒம் புருசன் வந்து சொன்னாப் போதும்."

"போர்வையக் கேக்காம எடுத்தது தப்புத்தான். அதச் சொல்லச் சொல்லுங்க, சொல்றேன். அந்தப் புள்ளையப் போர்த்துனது தப்புன்னு சொல்லமாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"இல்ல மாமு."

உதுமான் ராவுத்தர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வந்தவர்களுக்குப் போட்ட தேயிலை அப்படியே ஆறிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை, நல்லது கெட்டது எதுவும் கூடாது என்று ஜமாத்தில் முடிவாயிற்று. பழைய போர்வையை அசரத்து வாங்கிப் போய் மையவாடி ஓரத்தில், கால் படாத இடமாகப் பார்த்துப் புதைத்தார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று ஜொகராவுக்கு நாளாக நாளாகத்தான் தெரிந்தது. கிணற்றடிக்கு அவள் போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் வைவதில்லை, முறைப்பதில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுச் செய்தூன், குழம்பு வைத்தால் சுவருக்கு மேல் ஆணம் கிண்ணத்தை நீட்டுகிறவள், இப்போது சமையல்கட்டுப் பக்கம் தட்டி வைத்து மறைத்துவிட்டாள். ஒரு நாள் ஜொகராவின் கோழி அந்தப் பக்கம் போய்விட்டது. சாயங்காலம் யாரோ அதைச் சுவருக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் விட்டார்கள். கை மட்டும் தெரிந்தது. கோழிக்குக்கூட அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

எல்லாவற்றையும்விட ரமலத்துதான். நடந்தால் நாலு நிமிஷம் ஆகாத தூரம். வயிறு இறங்கிக்கொண்டு வருவது தூரத்திலிருந்தே தெரிந்தது. மாமியாரோடுதான் கிணற்றுக்கு வருவாள். அம்மாவைக் கண்டதும் நிமிர்ந்து பார்ப்பாள். மாமியார் இருமுவாள். ரமலத்து தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு தடவை மகளுக்குக் கால் வீங்கியிருந்ததை ஜொகரா கவனித்தாள். கொள்ளும் பார்லியும் வேகவைத்துக் கொடுக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

அன்று இடியாப்பம் பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்தாள். மகளுக்கு அது உயிர். செய்து முடித்த பிறகுதான் கொடுத்தனுப்ப ஆள் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. மைதீன்பிச்சைக்கு வைத்துவிட்டு, தான் ஒரு இடியாப்பத்தைப் பிய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

புதுப் போர்வைக்கு வெல்வெட்டும் ஜரிகையும் எடுக்கக் கம்பத்துக்குப் போனாள். கடைத்தெருவில் கிருபாவதி வைத்திருந்த தையல் சாமான் கடைதான் அவளுக்கு வழக்கம். கிருபாவதி சர்ச்சுக்காரி. போடியிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். ஜொகரா கடைப்படி ஏறியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாங்கக்கா. என்ன, இப்படி எளைச்சுப் போயிட்டீக?"

அந்த ஒரு கேள்விக்கே ஜொகராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் புருஷனைத் தவிர யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கிருபாவதி பச்சை வெல்வெட்டை அளந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க சபையில மட்டும் என்ன வாழுதாம்? எங்க நாத்தனா சாமி கும்புடுற வீட்டுக் கல்யாணத்துல பந்தி பரிமாறுனான்னு நாலு ஞாயித்துக்கெழம பின்னால உக்கார வச்சாக. விடுங்கக்கா." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "செத்த புள்ள சுருளிப்பட்டி. ஜக்கம்மான்னு பேரு. அவ ஆத்தா சுப்புத்தாய் திராட்சத் தோட்டத்துல வேலை பாக்குறா. எங்கிட்டதான் ரவிக்கைத் துணி எடுப்பா. ஒரே மக. புருசங்காரன் எப்பவோ போயிட்டான்."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா, நாந்தான்னு?"

"ஒரு ராவுத்தரம்மான்னு மட்டும் தெரியும். உங்க தெருவுல நடக்குற கூத்து அவளுக்கு எங்கன தெரியப்போகுது?"

ஜொகரா வீட்டுக்கு வந்து புது வெல்வெட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். எழுத்தை அசரத்துதான் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து கொடுக்கவேண்டும். வீட்டுக்கு வர அவருக்கு வழியில்லை. காகிதத்தில் எழுதி, மைதீன்பிச்சை தொழுகைக்கு வந்தபோது செருப்பு விடும் இடத்தில் வைத்துக் கொடுத்தார். அந்தத் தாளை ஊசியால் பொத்து, மேலே சாம்பல்பொடி தட்டி ஜொகரா எழுத்தை இறக்கிக்கொண்டாள். மழை விட்டுப் பனி விழத் தொடங்கியிருந்தது. காலையில் விரல் விறைக்கும். அடுப்பில் காட்டிக் காட்டித் தைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மைதீன்பிச்சை ஜும்ஆவிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"தோளோட தோள் ஒட்டி நிக்கணும்னு அசரத்து சொல்றாரு. எம் பக்கத்துல நிக்கிறவன் ஒரு சாண் தள்ளி நிக்கிறான். நானும் நகந்து பாக்குறேன். அவனும் நகர்றான்."

ஜொகரா ஊசியை நிறுத்தினாள்.

"ஒரு வார்த்தைதான ஜொகரா?"

"ஒரு வார்த்தைதான். அதான் வரமாட்டேங்குது."

"ரமலத்துக்கு நாள் நெருங்கிருச்சு. அங்கன அவ மாமியாளுக்குக் கண்ணும் தெரியல, கையும் நடுங்குது. ராத்திரி வலி கண்டா யாரு இருக்கா? ஒம் மொதப் புள்ளைக்கு நடந்தது மறந்துபோச்சா?"

"மறக்கல." அவள் எழுத்தின் வளைவில் ஜரிகையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளையும் யாரோ ஒருத்தி பெத்ததுதான. வெத்து உடம்போட கெடந்தவள மூடுனது தப்புன்னு எம் வாயால சொல்லிட்டு, எம் மகளுக்கு நான் எப்படிப் பிரசவம் பாக்க?"

மைதீன்பிச்சை எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம். வாசலில் வளையல் சத்தம் கேட்டு ஜொகரா எட்டிப் பார்த்தாள். முதலில் செய்தூன். பின்னால் நாலைந்து பெண்கள். அவர்களுக்குப் பின்னால் மைதீன்பிச்சை, கையில் துணி மூட்டை. கடைசியாக ரமலத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள்.

செய்தூன் வந்து ஜொகராவைக் கட்டிக்கொண்டாள். "நீ ஒத்துக்கிட்டேன்னு கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு மதினி. நாங்க மட்டும் என்ன சந்தோசமாவா இருந்தோம்? சுவத்துக்கு இங்கிட்டு நீ இருமுறது கேட்டா எனக்குச் சோறு எறங்காது."

"எத ஒத்துக்கிட்டேன்?"

"அதான் அண்ணன் ஜமாத்துல சொன்னாகளே. எம் பொஞ்சாதி தெரியாமச் செஞ்சுட்டா, செஞ்சது தப்புன்னு அழுகுறா, மன்னிச்சுருங்கன்னு. உதுமான் மாமுவே எந்திரிச்சு வந்து அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டாகளாம்."

ஜொகரா புருஷனைப் பார்த்தாள். அவர் மூட்டையை எங்கே வைப்பது என்று தேடுகிறவர் மாதிரிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். ரமலத்துக்கு மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

இப்போது வாயைத் திறந்தால் மகள் வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். அவள் உள்ளே போய்ப் பாயை விரித்தாள். தலையணை எடுத்துப் போட்டு மகளை உட்கார வைத்தாள். வந்தவர்களுக்குத் தேயிலை போட்டாள். அவர்கள் இத்தனை நாள் பேச்சை எல்லாம் சேர்த்துப் பேசினார்கள். புதுப் போர்வையைப் பார்த்து "மாஷா அல்லா" என்றார்கள். வீடு நிறைந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டி வைத்திருந்த நாட்களில்கூட அவள் இத்தனை தனியாக இருந்ததில்லை.

எல்லாரும் போன பிறகு மைதீன்பிச்சை அடுப்படிக்கு வந்து நின்றார்.

"எனக்காகவா சொன்னேன்?"

"இல்ல. தெரியும்."

"அப்புறம் ஏன் இப்படி இருக்க?"

"போர்வைய நாந்தான் பத்திரமா வைக்காம விட்டுட்டேன்னு ஒங்க தப்பா எதையாச்சும் சொல்லியிருக்கலாம்ல. எம் வாய எதுக்கு எடுத்தீக?"

"அது தோணல ஜொகரா," என்றார். உண்மையாகவே அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அவரிடம் கோபப்படவும் இல்லை, பழைய மாதிரிப் பேசவும் இல்லை. சோறு வைத்தாள், வெந்நீர் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

தை பிறந்து ரமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி நீண்டது. கொடி சுற்றியிருந்தது. செய்தூனும் ஜொகராவும் சேர்ந்துதான் எடுத்தார்கள். அம்மா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று செய்தூன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஜொகராவும் அதையே நினைத்தாள். மைதீன்பிச்சை சொன்ன பொய் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இல்லை. அதற்காக அவரை மன்னிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மனசு அந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பியது.

குழந்தையைப் பக்கத்தில் ஏணையில் போட்டுவிட்டுப் புதுப் போர்வையை முடித்தாள். உதுமான் ராவுத்தரே வந்து வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். "பழசவிட நல்லா இருக்கும்மா," என்றார். "ஒனக்கு அல்லா நல்லது செய்வான்." ஜொகரா தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பது நாள் கழிந்து தலைக்கு ஊற்றி மகளைத் தெருக்கோடியில் மாமியார் வீட்டுக்கு அனுப்பும் முன்பு, ஒரு நாள் காலையில் புருஷனிடம், "சுருளிப்பட்டி வரைக்கும் போயிட்டு வர்றேன்," என்றாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "நானும் வரட்டா?" என்றார்.

"வேணாம். புள்ளையப் பாத்துக்கங்க."

பஸ்ஸில் போகும்போது சொல்லவேண்டியதை ஒழுங்குபண்ணிக்கொண்டே போனாள். 'ஜமாத்துல எம் பேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்காக. அது நான் சொன்னதில்ல. உங்க மகளப் போர்த்துனத நான் ஒருநாளும் தப்புன்னு சொல்லல.' இந்த உலகத்தில் ஒருத்தியிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்க உரிமை உள்ளவள் அந்த ஒருத்திதான் என்று நினைத்தாள்.

சுப்புத்தாய் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசையில் இருந்தாள். பந்தலில் காய் இறங்கிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. மருந்து அடித்த வாடை அடித்தது. யார் என்று ஜொகரா சொன்னதும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கும்பிட்டாள். என்ன பேசுவது என்று தெரியாமல் உள்ளே ஓடி ஒரு சாக்கை எடுத்து உதறிப் போட்டாள்.

"உக்காருங்க ஆத்தா. இங்கன உக்காருங்க. எங்க வீட்டுல நீங்க வாயி நனைப்பீகளா?"

"குடுங்க."

கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் வந்தது. ஜொகரா பிஸ்மி சொல்லிக் குடித்தாள். பசித்திருந்தாள் என்பது குடிக்கும்போதுதான் தெரிந்தது. சுப்புத்தாய் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு என்னயக் கூட்டிப் போனாக ஆத்தா. வராண்டாவுல ஒரு பொணம் கெடந்துச்சு. மொகத்தையும் மூடிப் பச்சப் பட்டு, மேல தங்கமா எழுத்து. யாரோ பெரிய வீட்டுப் புள்ள போலருக்குன்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டேன். உள்ள போயி எம் மகளத் தேடுறேன், தேடுறேன், காணோம். எம் மக வெளியதான் கெடந்திருக்கா." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவளுக்கு ஒரு நல்ல சேல எடுத்துக் குடுத்ததில்ல நான்."

ஜொகரா டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்ல வந்த வார்த்தைகளை நினைத்துப் பார்த்தாள். ஜமாத்தும் உதுமான் ராவுத்தரும் தன் புருஷனும் இந்த அம்மாவுக்கு எதற்கு? அந்தத் துணியால் ஒரு தெருவே சண்டை போட்டது என்று தெரிந்தால், இவளிடம் இருக்கிற அந்த ஒரு பச்சைப் பட்டும் போய்விடும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சுப்புத்தாய் கொஞ்சம் நகர்ந்து வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு அன்னைக்கிருந்தே நெனைச்சுக்கிட்டு இருக்கேன். யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல. அவ உடுதுணி இல்லாமக் கெடந்தாளாமே. ஜீப்புல வந்தவுக ஒருத்தி வாய்தவறிச் சொல்லிட்டா. ஆம்பளைக நின்னாகளா ஆத்தா? பாத்தாகளா? அவ வெக்கப்படுற புள்ள. எம் முன்னாலகூடச் சேல மாத்தமாட்டா."

ஜொகராவுக்கு மழையில் வட்டமாக நின்ற ஆட்கள் தெரிந்தார்கள். கட்டைச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தவன் முகம் தெரிந்தது.

"இல்ல," என்றாள். "யாரும் பாக்கல."

"நெசமாவா?"

"எங்க வீடு ரோட்டு மேலயே இருக்கு. சத்தம் கேட்டதும் நாந்தான் மொத ஆளா ஓடுனேன். நான் போர்த்துனதுக்கு அப்புறந்தான் ஆம்பளைக எல்லாரும் வந்தாக. ஒருத்தரும் பாக்கல."

"சத்தியமா ஆத்தா?"

"அல்லா மேல சத்தியமா."

சுப்புத்தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். உள்ளங்கையில் அந்த ஈரம் படப்பட ஜொகரா அசையாமல் இருந்தாள். ஒரு ஆள் இவ்வளவு பக்கத்தில் வந்து அவளைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு தோட்டக்காரர் கூப்பிட்டார். சுப்புத்தாய் ஒரு குலை திராட்சையைக் கேட்டு வாங்கி இலையில் சுற்றி, "மக பிரசவிச்சிருக்குன்னீகளே, அதுக்குக் குடுங்க" என்று கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும்போது மைதீன்பிச்சை ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் போய்வந்த சேதி எதையும் கேட்கவில்லை. அவள்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

"அந்தம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு வந்துட்டேன்," என்றாள். என்ன பொய் என்று சொன்னாள்.

அவர் கேட்டுவிட்டு, குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவள் கையில் வைத்தார்.

பொழுது சாய்ந்து பாங்கு சொன்னதும் அவள் ஒளு செய்து மஃரிபுத் தொழுதாள். கையேந்தி, மகளுக்காகக் கேட்டாள். பேத்திக்கு நீண்ட ஆயுள் கேட்டாள். உதுமான் ராவுத்தர் மனைவியின் கபுர்க் குழிக்கு வெளிச்சம் கேட்டாள். புருஷன் தன் பேரில் சொன்னதை மன்னிக்கச் சொன்னாள். ஜக்கம்மா என்ற பேரையும் சொன்னாள். சுருளிப்பட்டியில் அல்லா மேல் வைத்த சத்தியத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, குழந்தை முழிக்கும் முன் பால் காய்ச்சப் போனாள்.